ஊசிமுனைச் சிக்கனம்

கையிருப்புக் குறைவாகவும் ஆவல் பெரிதாகவும் இருக்கும் வேளையில் ஒருவர் எடுக்கும் முடிவில்தான், அவர் எதை மெய்யாகவே மதிக்கிறார் என்பது வெளிப்படுகிறது. செல்வம் மிக்கவர் தவறான பொருளை வாங்கிவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்வார். ஒரே ஒரு முறை மட்டும் வாங்க இயன்றவருக்கு அந்த வசதி இல்லை. எதற்குக் கொடுப்பது, எதை விடுவது, எதற்காகக் காத்திருப்பது என்று அவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு எண்ணித் துணிவதற்கு விவேகம் என்று பெயர். அறநெறி நூல்கள் அதனைத் தலையாய நற்பண்புகளுள் முதலாவதாக வைத்துப் பேசுகின்றன.

இங்கே நாம் ஆராய எடுத்துக்கொள்ளும் செய்தி சிறியது. பழைய இசைத்தட்டுகளை மீண்டும் கேட்க விரும்பும் ஒருவர், ஒரு சிறு தொகைக்குள் எத்தகைய ரெக்கார்டு பிளேயரை வாங்க வேண்டும்? இது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியாயிற்றே, அறநெறிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு என்பதும், அத்தொடர்பு ஓர் ஊசியின் முனையில் இருக்கிறது என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

எல்.பி. என்று நாம் அழைத்துவந்த, நெடுநேரம் ஒலிக்கும் இசைத்தட்டை 1948-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. அதற்கு முன்பு இருந்தவை நிமிடத்திற்கு 78 முறை சுழலும் கனத்த தட்டுகள். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் போல்தான் பாட்டு இருக்கும். பின்னர் ஒலிநாடாவும் குறுந்தகடும் வந்தன. 1990களின் போக்கில் நம் வீடுகளில் இசைத்தட்டுகள் ஏறக்குறைய முழுவதுமாகப் பரணுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அவற்றின் கதை அங்கே முடியவில்லை. 2022-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சுமார் 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகளும் 3 கோடியே 30 லட்சம் குறுந்தகடுகளும் விற்பனையாயின. எண்ணிக்கையில் வினைல் தட்டு குறுந்தகட்டை விஞ்சியது 1987-க்குப் பின் அதுவே முதன்முறை. அந்த அலை நம் ஊர்களையும் தொட்டிருக்கிறது. பரணிலிருந்து பெட்டிகள் கீழே இறங்குகின்றன.

காஞ்சிபுரத்தில் அத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற ஒருவர் அவ்வீட்டின் தலைவர் என்று வைத்துக்கொள்வோம். தந்தையார் விட்டுச்சென்ற பெட்டியில் நாற்பது தட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை எல்.பி.க்கள்: கருநாடக இசை, திரைப்பாடல், திரைப்படக் கதை வசனம். ஐந்தாறு மட்டும் பழைய 78 சுற்றுத் தட்டுகள். அவற்றுள் ஒன்று 1948-இல் வெளிவந்த ‘ஞானசௌந்தரி’ திரைப்படத்தில் தேவமாதாவை நோக்கிப் பாடப்படும் பாடல். சிறுமி ஜிக்கியின் குரலில் தொடங்கி, கதாநாயகி வளர்ந்ததும் பி. ஏ. பெரியநாயகியின் குரலாக மாறும் அந்தப் பாடலை அறியாத கத்தோலிக்க இல்லங்கள் முற்காலத்தில் குறைவு. இவர் சேர்த்து வைத்திருப்பது இருபதாயிரம் ரூபாய். சந்தையிலோ, கைப்பெட்டி வடிவில், கண்ணைக் கவரும் வண்ணத்தில், ஒலிபெருக்கியும் உள்ளடங்கிய கருவி அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்கிவிட்டு மீதியை மிச்சப்படுத்துவதுதானே சிக்கனம்?

இதற்கு விடை காணுமுன், வீட்டிலுள்ள இளையவர்கள் எழுப்பும் முதற்கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ‘எல்லாப் பாட்டும் கைப்பேசியிலேயே இருக்கின்றனவே, அப்பா? எதற்கு இந்தச் செலவு?’ அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. பாட்டைக் கேட்பது மட்டுமே நோக்கமானால் ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை. பிள்ளையின் கல்விக் கட்டணமோ மருந்துச் செலவோ காத்திருக்கும் வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்ற நற்செய்தி அறிவுரை, ரெக்கார்டு பிளேயர் வாங்குவோருக்கும் பொருந்தும். ஆனால் அந்தப் பெட்டியில் இருப்பவை வெறும் பாட்டுகள் மட்டுமா? தந்தையார் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை அவை. உறையின்மேல் அவரது கையெழுத்து இருக்கிறது. கைப்பேசியில் ஏறாத பதிவுகளும் பழைய தட்டுகளில் உண்டு. ஆகவே அவசியக் கடமைகள் நிறைவேறிய பின், ஒருவர் தம் சேமிப்பில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவாரானால் அதை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. பெற்றுக்கொண்ட ஒன்றைப் பேணுவதும் நன்றியின் ஒரு வடிவமே.

இனி விஷயத்தின் மையத்திற்கு வருவோம். இசைத்தட்டில் ஒலி, நுண்ணிய வரிப்பள்ளமாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. பள்ளத்தின் இரு சுவர்களிலும் உள்ள நெளிவுகளை ஊசி தடவிச் செல்லும்போது எழும் அதிர்வை, கார்ட்ரிஜ் என்னும் சிறு உறுப்பு மின்னோட்டமாக மாற்றுகிறது. தட்டை ஊசி தொட்டால்தான் பாட்டு. தொடுதல் என்றால் உராய்தல்; உராய்தல் என்றால் தேய்தல். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தட்டு ஏதோ ஒரு சிறு அளவில் தேய்கிறது. நல்ல கருவியில் அந்தத் தேய்மானம் காதுக்குத் தெரியாத அளவு மிகச் சிறியது. தகாத கருவியில் சில முறை ஓட்டுவதற்குள் உயர்ந்த சுருதிகள் மங்கி, எழுத்துகளின் ஓசை கரகரக்கத் தொடங்கும். அவ்வாறு மழுங்கிய சுவரை மீட்டுத் தரும் கைவினைஞர் உலகில் எவரும் இல்லை. கிழிந்த துணியைத் தைக்கலாம், உடைந்த நாற்காலியை ஒட்டலாம்; தேய்ந்த பள்ளத்தை எவராலும் நிரப்ப முடியாது.

சில அளவுகளைக் கூறினால் இது தெளிவாகும். சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோனில், எஃகு ஊசி நூறு கிராமுக்கும் மேலான எடையோடு தட்டின்மேல் அழுந்தும். மலிவான கைப்பெட்டிக் கருவிகளில் பெரும்பாலும் காணப்படும் பீங்கான் வகைக் கார்ட்ரிஜ் நான்கு முதல் ஆறு கிராம் வரை அழுத்தம் கேட்கும். ஓரளவு நல்ல கருவியில் உள்ள காந்த வகைக் கார்ட்ரிஜுக்கு இரண்டு கிராம் போதும். அழுத்தத்தைப் போலவே முனையின் அளவும் முக்கியம். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்குரிய ஊசிமுனை, எல்.பி.க்குரிய முனையைப்போல் மூன்று, நான்கு மடங்கு பருமனானது. எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியிலும் கீறலிலும் ஊர்ந்து இரைச்சலையே எழுப்பும். 78-க்குரிய ஊசியை எல்.பி.யில் வைத்தாலோ, ஒரே ஓட்டத்தில் தட்டு பாழாகும்.

பழைய தட்டுகளின் காலத்தில் இத்தொழிலுக்கென்று ஒரு நியதி இருந்தது. அத்தட்டுகள் அரக்கோடு கல்மாவு போன்ற தாதுப்பொடிகளைக் கலந்து செய்யப்பட்டவை. அந்தக் கடினமான பொடி, எஃகு ஊசியின் முனையை அராவித் தேய்த்துப் பள்ளத்தின் வடிவுக்குக் கொண்டுவரும். ஆகவேதான் ஒரு பக்கத்திற்கு ஓர் ஊசி என்பது விதி; பாட்டு முடிந்ததும் ஊசியை எறிந்துவிட வேண்டும். தட்டு நிலைக்க வேண்டுமானால் ஊசி தன்னைக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய முறை. வைர ஊசி வந்த பின் இந்த உறவு தலைகீழாயிற்று. இப்பொழுது தொடுவது வைரம், தொடப்படுவது மெல்லிய வினைல். கடினமானது தேயாமல் மென்மையானதே தேயும் நிலை வந்துவிட்டபோது, கடினமானதைக் கையில் வைத்திருப்பவருடைய பொறுப்பு கூடுகிறது. வைரமும் என்றென்றைக்கும் நிலைப்பதில்லை. ஐந்நூறு முதல் ஆயிரம் மணி நேரத்தில் அதன் முனையில் தட்டையான ஓரங்கள் உண்டாகி, உளியைப்போல் பள்ளத்தைச் செதுக்கத் தொடங்கிவிடும்.

அரக்கு என்னும் சொல் காஞ்சிபுரத்தாருக்கு அந்நியமானதன்று. கருஞ்சிவப்புப் பட்டுப்புடவையை இன்றும் அரக்கு நிறம் என்றே கேட்டு வாங்குகிறோம். மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கிலிருந்து பட்டுக்குச் சாயமும் கிடைத்தது. இசைத்தட்டுக்கு உடலும் கிடைத்தது. அந்த அரக்கு சாராயத்தில் கரையக்கூடியது. ஆகவே ஸ்பிரிட் கலந்த எந்தத் திரவத்தாலும் 78 தட்டைத் துடைக்கலாகாது. அதன் மேற்பரப்போடு பாட்டும் கரைந்துபோகும். வினைல் தட்டுக்குச் சித்திரை வைகாசி வெயிலே பகை. ஓட்டு வீட்டின் பரணில் படுக்கையாக அடுக்கினால் வளைந்துவிடும். கீழ்த்தளத்தில், நிழலில், நிமிர்த்தி வைக்க வேண்டும். இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. கருத்து ஒன்றே வேண்டும்.

இசையைத் தட்டில் பேணுவதா, மனிதரில் பேணுவதா என்ற வினாவுக்குக் காஞ்சிபுரம் ஒரே குடும்பத்திலிருந்து இரு விடைகளைத் தந்திருக்கிறது. நம் நாட்டில் இசைத்தட்டுப் பதிவு 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் குரல்களோடு தொடங்கியது. அதற்கடுத்த ஆண்டுகளில் தென்னாட்டிலிருந்து தட்டில் பாடிய முன்னோடிகளுள் காஞ்சிபுரம் தனகோடி அம்மாளும் ஒருவர். அவருடைய உடன்பிறந்தவரின் மகன் நயினாப் பிள்ளை, 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்த லயப் பேரறிஞர். அவரோ இசைத்தட்டு எதற்கும் பாடவில்லை. அவருடைய குரல் எப்படி இருந்தது என்பதை இன்று நாம் கேட்க வழியே இல்லை. எனினும் அவருடைய இசை அழிந்துவிடவில்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை போன்ற மாணவர்கள் வழியாகவும், அவர் காஞ்சியில் நடத்திய தியாகராஜர் விழாக்களில் கேட்டு வளர்ந்த டி. கே. பட்டம்மாள் வழியாகவும் அது அடுத்த தலைமுறைக்குச் சென்றது.

இவ்விரண்டில் எது சிறந்தது என்று தீர்ப்புக் கூற நாம் முனைய வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் நம்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. நயினாப் பிள்ளையின் இசை மனிதரின் செவியையும் நினைவையும் நம்பியது; அதைக் காக்கும் பொறுப்பு மாணவர்களுடையது. தனகோடி அம்மாளின் குரல் ஒரு பொருளை நம்பியது. அதைக் காக்கும் பொறுப்பு, அப்பொருள் இன்று எவர் கையில் இருக்கிறதோ அவருடையது. தட்டின் உரிமையாளர் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். மெய்யாகவே நாம் அதன் காவலர்கள். நமக்கு முன் ஒருவர் கேட்டார். நமக்குப் பின்னும் ஒருவர் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் காதுக்குச் சேர வேண்டியதை நம் ஊசி தின்றுவிடலாகாது.

இந்த இடத்தில் சிக்கனத்திற்கும் கஞ்சத்தனத்திற்கும் உள்ள வேறுபாடு துலங்குகிறது. அரிஸ்டாட்டில் தம் அறநெறி நூலின் நான்காம் பகுதியில் ஒருவகை மனிதரைக் குறிப்பிடுகிறார். அவர்கள் பெருஞ்செலவு செய்துவிட்டு, கடைசியில் ஓர் அற்பத் தொகையை மிச்சப்படுத்தப் போய் முழு வேலையின் அழகையும் கெடுத்துவிடுவார்கள். எதைச் செய்தாலும் எப்படிக் குறைவாகச் செலவழிக்கலாம் என்பதே அவர்கள் எண்ணம். புனித தோமா அக்குவினாரும் இதனைக் குற்றங்களுள் ஒன்றாக எண்ணி, செலவுக்கும் செயலுக்கும் இருக்க வேண்டிய பொருத்தத்தைத் தவறவிடுவதே அதன் இயல்பு என்று விளக்குகிறார். இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு குற்றம் இருக்கிறது. பிறர் வியக்க வேண்டும் என்பதற்காகத் தகுதிக்கு மீறி அள்ளிக் கொட்டுவது அது. இசைக்கருவிகளின் உலகில் இவ்விரு குற்றங்களும் தாராளமாக உண்டு. கைவிரல் பருமனுள்ள கம்பிக்குப் பல்லாயிரம் கொடுப்பவரும் இருக்கிறார்கள். தந்தையின் தட்டுகளை மலிவான கருவியிடம் ஒப்படைத்துவிட்டு, மிச்சம் பிடித்ததாக மகிழ்பவரும் இருக்கிறார்கள்.

பட்டு நெசவை அறிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புடவையின் பளபளப்பைப் பார்த்து விலை பேசுபவர் ஏமாறுவார். விவரம் அறிந்தவர் அதைத் திருப்பிப் பார்ப்பார். பாவு எத்தகைய முறுக்கு நூல், ஜரிகையில் வெள்ளியும் பொன்னும் உண்மையில் எவ்வளவு, உடலும் கரையும் கோர்வையில் சேர்ந்தவையா என்று பார்ப்பார். உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்களைக் கொண்டு, துணையாள் ஒருவரும் சேர்ந்து உழைத்தால்தான் கோர்வை அமையும். அந்த இணைப்பைக் கடையில் எவரும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவதில்லை. ஆனால் ஆண்டுகள் சென்று துணி நைந்தாலும் கரை பிரியாமல் நிற்பது அதனால்தான். மாட்சி வெளித்தெரியாத இணைப்பில் இருக்கிறது. ஆகவே செலவும் அங்கேதான் போக வேண்டும். ரெக்கார்டு பிளேயரில் அத்தகைய இணைப்பு, ஊசியும் பள்ளமும் சந்திக்கும் இடம்.

அந்த இடத்திலிருந்து தொடங்கினால் வரிசை தானாக அமைந்துவிடும். முதலிடம் ஊசிக்கும் கார்ட்ரிஜுக்கும். அது காந்த வகையாக இருக்க வேண்டும். தேய்ந்த ஊசியைக் கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும். மாற்று ஊசி நம் ஊரில் கிடைக்க வேண்டும். இரண்டாவது, ஊசியைத் தாங்கும் கை. அதன் பின்முனையில் எடையைத் திருகிச் சரிசெய்ய இயன்றால் நல்லது. இயலாவிட்டால், நம்பத்தக்க நிறுவனத்தில் சரியான அழுத்தம் அமைத்து அனுப்பப்பட்டதாக இருக்க வேண்டும். மூன்றாவது, தட்டு ஒரே சீராகச் சுழல்வது. இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். ஓரத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணலாம். எல்.பி. வேகத்தில் மூன்று நிமிடத்திற்குச் சரியாக நூறு சுற்று வர வேண்டும். நான்காவது, முன்பெருக்கி. எல்.பி.யில் ஒலியைப் பதிக்கும்போது தாழ்ந்த ஓசைகளைக் குறைத்தும் உயர்ந்த ஓசைகளைக் கூட்டியும் பதிக்கிறார்கள். 1950களிலிருந்து இதற்குப் பொதுவான ஓர் அளவுமுறை உண்டு. முன்பெருக்கி அதைத் திருப்பிச் சரிசெய்வதோடு, கார்ட்ரிஜிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் அளவான மெல்லிய மின்னோட்டத்தையும் பெருக்கித் தருகிறது. பல கருவிகளில் இது உள்ளேயே அமைந்திருக்கும். ஐந்தாவதாகத்தான் ஒலிபெருக்கி. வீட்டில் ஏற்கெனவே உள்ள ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் தொடக்கத்திற்குப் போதும். அவை சுமாரானவையாக இருந்தால் பாட்டு சற்று மங்கலாகக் கேட்கும், தட்டுக்கு ஒரு தீங்கும் நேராது. வண்ணமும் விளக்கும் பெட்டியின் அழகும் பட்டியலில் கடைசி.

குறை பொறுக்கலாகும் இடம் எது, பொறுக்கலாகாத இடம் எது என்று பிரித்தறிவதே இந்த வரிசையின் அடிப்படை. மங்கலான ஸ்பீக்கரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்வரை இழப்பு நம்முடையது மட்டுமே. மோசமான ஊசியையும் பிறகு மாற்றலாம். ஆனால் அதற்குள் அது செய்துவிட்ட தீங்கு எல்லாருக்கும் ஆனது. வாழ்வின் வேறு செலவுகளிலும் இந்தப் பாகுபாடு உதவும். திருத்தக்கூடிய குறையோடு காலம் தள்ளலாம். திருத்தமுடியாத சேதத்தை விளைவிப்பதில் மட்டும் மிச்சம் பிடிக்கலாகாது.

நம் ஓய்வுபெற்ற நண்பரிடம் திரும்புவோம். எல்.பி.யும் ஓட வேண்டும், 78-உம் ஓட வேண்டும், எல்லாம் இருபதாயிரத்திற்குள் முடிய வேண்டும் என்று அவர் ஆசைப்படுவாரானால், மூன்று வேகமும் உண்டு என்று விளம்பரம் செய்யும் மலிவுப் பெட்டிதான் அவர் கைக்கு வரும். அதில் பெரும்பாலும் ஓர் ஊசியே எல்லாத் தட்டுக்கும். எடுத்துக்காட்டாக ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தின் வரிசையைப் பார்த்தால், எல்பி60எக்ஸ் என்னும் எளிய கருவியில் காந்தக் கார்ட்ரிஜும் மாற்றத்தக்க ஊசியும் முன்பெருக்கியும் உண்டு; 78 வேகம் இல்லை. விலை கூடிய எல்பி120எக்ஸ் கருவியில் மூன்று வேகமும் உண்டு. அதன் கார்ட்ரிஜில் 78-க்கென்று தனி ஊசியையும் பொருத்தலாம். சிறு தொகை உடையவர் இங்கே ஒன்றைத் துறக்க வேண்டும். நாற்பதில் முப்பத்தைந்து எல்.பி. என்றால், எல்.பி.யை நன்றாகக் கையாளும் எளிய கருவியை வாங்குவதே முறை. ஐந்தாறு 78 தட்டுகளைத் தகுந்த ஊசியும் கருவியும் வைத்திருக்கும் அனுபவம் மிக்க சேகரிப்பாளர் ஒருவரிடம் எடுத்துச்சென்று, அருகிலிருந்து ஒருமுறை ஓட்டச் செய்து, ஒலிக்கோப்பாக மாற்றிக்கொண்டு, மீண்டும் பத்திரமாக உறையில் இடலாம். காஞ்சியிலிருந்து சென்னை 75 கிலோமீட்டர்தான். ஒரே கருவி எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்னும் ஆசையை விட்டுவிட்டால் இரு வகைத் தட்டுகளும் பிழைக்கும்.

பழைய கருவி வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நன்றாகச் செய்யப்பட்ட பழைய கருவி, புதிய மலிவுக் கருவியைவிட மேலானதாக இருக்கக்கூடும். ஆனால் சில எச்சரிக்கைகள் தேவை. நம் வீடுகளில் ஒருகாலத்தில் பாடிய எச்.எம்.வி. ஃபியஸ்டா, கலிப்ஸோ போன்ற சிறு பெட்டிகள் அன்பான நினைவுகளைத் தருபவைதாம். எனினும் அவற்றின் கனத்த கை இன்று அரிய தட்டுகளுக்கு ஏற்றதன்று. அமெரிக்காவிலிருந்து வந்த சில பழைய கருவிகளின் மோட்டார், அந்நாட்டின் 60 சுழற்சி மின்சாரத்திற்கென்று செய்யப்பட்டது. நம் 50 சுழற்சி மின்சாரத்தில் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், மின்னழுத்தமும் வேறு. ரப்பர் பெல்ட் இறுகிப் போயிருக்கும். பழைய ஊசியை எவ்வளவு புதியது என்று விற்பவர் சொன்னாலும், மாற்றிவிட்டுத்தான் தட்டைத் தொட வேண்டும். அதன் விலையையும் சேர்த்தே பேரம் பேச வேண்டும்.

பேரத்தில் இரு தரப்பாருக்கும் கடமை உண்டு. மறைந்திருக்கும் குறையைச் சொல்லாமல் விற்பவர் நீதிக்கு விரோதமாக நடக்கிறார் என்று அக்குவினார் தெளிவாகக் கூறுகிறார். வாங்குபவரைப்பற்றியும் நாம் எண்ண வேண்டியிருக்கிறது. கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், பரணில் கிடந்த தட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட நினைக்கிறார். அவற்றின் மதிப்பை அறிந்த சேகரிப்பாளர், அறியாதவர்போல் நடித்து எடை விலைக்கே வாங்கிச் செல்கிறார். சட்டப்படி இதில் குற்றம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பிறருடைய அறியாமையில் மிச்சம் பிடித்த பணம், சிக்கனம் என்ற பெயருக்கு உரியதாகுமா?

வாங்கிய அன்றோடு செலவு முடிந்துவிடுவதில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு ஊசி இரண்டு ஆண்டு போல் வரும். அடுத்த ஊசிக்கான தொகையை மாதந்தோறும் சிறிது சிறிதாக ஒதுக்காத கணக்கு, முழுக் கணக்கு ஆகாது. கையில் இருப்பதையெல்லாம் கருவியிலேயே போட்டுவிட்டு, ஊசி தேய்ந்த பின்னும் ‘இன்னும் கொஞ்ச நாள்’ என்று ஓட்டிக்கொண்டிருப்பவர், முதலில் சொன்ன மலிவுப் பெட்டிக்காரரின் நிலைக்கே வந்து சேர்கிறார். இருபதாயிரம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் தூசி நீக்கும் தூரிகைக்கும், அழுத்தத்தை அளக்கும் சிறு தராசுக்கும், நல்ல உள்ளுறைகளுக்கும், அடுத்த ஊசிக்கும் என்று முதலிலேயே விலக்கி வைப்பது நலம்.

இவ்வளவையும் கேட்ட பிறகு ஒருவர், ‘அப்படியானால் தட்டைத் தொடாமலே வைத்துவிடுவது இன்னும் பாதுகாப்பு ஆயிற்றே’ என்று கூறலாம். தகுந்த கருவி கைக்கு வரும்வரை காத்திருப்பது குற்றமன்று, அது பொறுமை. ஆனால் என்றைக்கும் கேட்பதில்லை என்று பூட்டிவைப்பது, பெற்ற தாலந்தை நிலத்தில் புதைத்த ஊழியனின் செயலை ஒத்தது. தட்டு பாடுவதற்காகச் செய்யப்பட்டது. பாடினால் தேயும், பாடாவிட்டால் அது இருந்தும் இல்லாததே. இந்த இரண்டுக்கும் நடுவே, தேய்மானத்தை இயன்ற அளவு குறைத்து, பயனை இயன்ற அளவு பெருக்கி, பலரும் கூடியிருந்து கேட்பது ஒன்றுதான் வழி. ஒரு பக்கம் முடிந்ததும் எவராவது எழுந்து சென்று தட்டைத் திருப்ப வேண்டும் என்பதும் ஒரு நன்மைதான். அந்த இருபது நிமிடம் வீட்டார் ஒன்றாக அமர்ந்து ஒன்றையே கேட்கிறார்கள்.

தொடாமல் அன்பு செய்ய முடியாது. தொட்டால் தேயாமல் இருக்கவும் முடியாது. இந்த உண்மை இசைத்தட்டோடு முடிவதன்று. முதிய பெற்றோரிடம் நாம் பேசும் சொல்லும், பிள்ளைகளைத் திருத்தும் கையும் ஏதோ ஓர் எடையோடுதான் அவர்கள்மீது இறங்குகின்றன. எவ்வளவு எடை போதும் என்பதை அறிந்து வைப்பதும், நம் முனை மழுங்கிவிட்டதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வதும் நம்மிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. இருபதாயிரம் ரூபாயை எங்கே செலவிடுவது என்று சிந்திக்கத் தொடங்கிய ஒருவர் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வாரானால், அவர் வாங்கப்போவது எந்தக் கருவியாயினும், தந்தையின் பெட்டி தகுந்த கைகளில்தான் இருக்கிறது என்று நாம் நம்பலாம்.